லாரியும் காரும் மோதினால்: ஒரு பல்கலைக்கழகம் பாடம் நடத்தக் கற்றுக்கொண்ட கதை

கனமான லாரி ஒன்று எதிரே வரும் சிறிய காரின் மீது மோதுகிறது. லாரி காரின் மீது செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா, இரண்டும் சமமா?

பள்ளியில் இயற்பியல் படித்த எவருக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு. ஆகவே இரண்டும் சமம். ஆனால் நசுங்கிப் போன காரை மனக்கண்ணில் பார்த்த மாத்திரத்தில் "லாரிதான்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் விதியை ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவருக்கும் வந்துவிடுகிறது. விசை சமம்தான். காரின் நிறை குறைவு என்பதால் அதே விசை அதை மிக அதிகமாக உலுக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

இது போன்ற கேள்விகளை 1980களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டனஸ் ஆகிய இருவரும் தொகுத்தார்கள். கணக்கு இல்லை, சூத்திரம் இல்லை. அன்றாடக் காட்சிகளைப் பற்றிய எளிய கேள்விகள். ஒரு செமஸ்டர் முழுக்க இயற்பியல் படித்து முடித்த மாணவர்களும் அவற்றில் தடுமாறினார்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திவந்த எரிக் மசூர் 1990இல் இதைப் படித்துவிட்டு, நம் மாணவர்களுக்கு இது நேராது என்று நினைத்தார். மாணவர்கள் தரும் மதிப்பீட்டில் அவருக்கு எப்போதும் நல்ல பெயர். தம் வகுப்பிலேயே அந்தத் தேர்வை வைத்துப் பார்த்தார். ஒரு மாணவி கையை உயர்த்தி ஒரு சந்தேகம் கேட்டார்: இதற்கெல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்தபடி விடை எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா?

இந்த ஒரு சந்தேகத்துக்குள் உயர்கல்வியின் முழுச் சிக்கலும் இருக்கிறது. மாணவர் தலைக்குள் இரண்டு இயற்பியல்கள் ஓடுகின்றன. ஒன்று தேர்வுக்கு, இன்னொன்று வாழ்க்கைக்கு. வகுப்பு நடக்கிறது, குறிப்பு எழுதப்படுகிறது, மதிப்பெண்ணும் வருகிறது. இரண்டாவது இயற்பியல் அசையாமல் அப்படியே இருக்கிறது.

மசூர் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரு கருத்தைச் சில நிமிடங்கள் விளக்குவார். பிறகு லாரிக் கேள்வி போல ஒன்றைத் திரையில் போடுவார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடையே சரி என்று வாதாட வேண்டும். பிறகு மறுபடியும் வாக்கெடுப்பு. பெரும்பாலும் இரண்டாம் முறை சரியான விடைகள் கூடுகின்றன. காரணம் விசித்திரமாகத் தோன்றலாம்: நேற்றுத்தான் புரிந்துகொண்ட ஒரு மாணவருக்கு எந்த இடத்தில் இடறியது என்பது நன்றாக நினைவிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அது மறந்தே போயிருக்கும்.

இது உண்மையில் பயன் தருகிறதா? ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர் 62 வகுப்புகளைச் சேர்ந்த சுமார் 6,500 மாணவர்களின் விடைகளைத் திரட்டி 1998இல் வெளியிட்டார். செமஸ்டரின் தொடக்கத்தில் மாணவருக்குத் தெரியாமல் இருந்தவற்றில் எத்தனை பங்கை இறுதிக்குள் கற்றார் என்பதே அவருடைய அளவுகோல். ஆசிரியர் மட்டும் பேசிய வகுப்புகளில் அது சராசரியாக 23 சதவீதம். மாணவரைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகளில் 48 சதவீதம். முதல் வகையில் திறமைசாலிப் பேச்சாளர்களும் இருந்தார்கள். இருந்தும் அந்த வகுப்புகள் எல்லாம் தாழ்வான ஓர் எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டன. நன்றாகப் பேசுவதே நன்றாகக் கற்பிப்பது என்று நம்பி வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

மசூரின் அறை மாறியது, சரி. அடுத்த அறை? அதற்கடுத்த கட்டடம்? பல்கலைக்கழகம் என்பது நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தும் இடம். அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சக ஆசிரியர்கூடப் பார்ப்பதில்லை. ஆய்வுக் கட்டுரை என்றால் முன்பின் தெரியாத மூன்று பேர் படித்துக் குறை சொல்வார்கள். பாடத்துக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு பல்கலைக்கழகம் முழுவதிலும் கற்பித்தலை மேம்படுத்துவது எப்படி என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது பயிற்சி. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்றல், கற்பித்தலுக்கென ஒரு மையத்தை நிறுவியது. உலகெங்கும் அதன் வழியில் மையங்கள் முளைத்தன. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 1987இல் கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. பெயர்கள் மாறி இன்று அவை மாளவியா ஆசிரியர் பயிற்சி இயக்கத்தின் மையங்களாக இருக்கின்றன. புத்தொளிப் பயிற்சிக்குப் போய்வந்தவர்களுக்கு நடைமுறை தெரியும். சில வாரங்கள் உரை கேட்டு, சான்றிதழ் வாங்கி, பதவி உயர்வுக் கோப்பில் சேர்த்துவிட்டுப் பழைய வகுப்புக்குத் திரும்புவோம். உரை நன்றாகவே இருந்திருக்கும். உரை கேட்டு யாரும் கற்பதில்லை என்பதை விளக்கும் உரையையும் நான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து தரம் போடுவது. இங்கே கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு. இங்கிலாந்தில் 2017இல் பல்கலைக்கழகங்களின் கற்பித்தலுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்றே தரம் வழங்கினார்கள். கோப்புகள் ஒழுங்காகும் என்பது உறுதி. அதற்குமேல் நான் அதிகம் எதிர்பார்க்க மாட்டேன்.

மூன்றாவது வழி துறையையே மாற்றுவது. இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் கார்ல் வீமன். கடுங்குளிரில் அணுக்கள் ஒரே அணுபோல நடந்துகொள்ளும் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை ஆய்வகத்தில் உருவாக்கியதற்காக 2001இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். கற்பித்தல் பக்கம் அவரைத் திருப்பியது ஆய்வகத்தில் கண்ட ஒரு புதிர். பட்டப் படிப்பில் சிறந்த மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் அவரிடம் ஆய்வுக்கு வருவார்கள். இயற்பியல் செய்யத் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஆய்வகத்தில் இருந்தால் உண்மையான இயற்பியலாளர் ஆகிவிடுவார்கள். பதினேழு ஆண்டு வகுப்பறை செய்யாததை ஆய்வகம் எப்படிச் செய்கிறது? அங்கே அவர்கள் ஒவ்வொரு நாளும் கடினமான ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள், தவறுகிறார்கள், அருகில் இருப்பவர் உடனே திருத்துகிறார். வகுப்பறையில் அதில் எதுவும் நடப்பதில்லை.

நோபல் பெற்றவர் பேசினால் பல்கலைக்கழக நிர்வாகம் காது கொடுக்கும். முதலில் அவர் பணியாற்றிய கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2006இலும், பிறகு கனடாவின் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2007இலும் அவர் வகுத்த திட்டம் தொடங்கியது. வான்கூவரில் ஒதுக்கிய தொகை சுமார் ஒரு கோடி கனடிய டாலர். அதை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. அறிவியல் துறைகள் ஒவ்வொன்றும் திட்டம் எழுதிப் போட்டியிட வேண்டும். நல்ல திட்டம் தந்த துறைக்குப் பெரிய தொகை, மற்றவற்றுக்குச் சிறிய தொகை அல்லது ஒன்றுமில்லை. எந்த ஆசிரியரை எந்தப் பாடத்துக்கு அனுப்புவது, வினாத்தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது துறை. தனி ஆசிரியர் மாறினால், அடுத்த ஆண்டு அந்தப் பாடம் வேறொருவர் கைக்குப் போனவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று கேள்விகள். மாணவர் எதைச் செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும்? இப்போது உண்மையில் எதைக் கற்கிறார்? எப்படி நடத்தினால் அது கூடும்?

முதல் கேள்விக்கே பல துறைகள் மாதக்கணக்கில் திணறுவது இயல்பு. நம் பாடத்திட்டங்களில் "ஒளியின் குறுக்கீட்டு விளைவு – படலங்கள் – நியூட்டன் வளையங்கள்" என்று எழுதியிருப்போம். இது ஆசிரியர் எதைப் பேசுவார் என்ற பட்டியல். மாணவர் என்ன செய்வார் என்று எழுதுவது வேறு: "சோப்புக் குமிழி மெலியும்போது அதன் நிறங்கள் ஏன் மாறுகின்றன, உடையும் முன் ஏன் கருத்துப்போகிறது என்பதை மாணவர் கணக்கிட்டு விளக்குவார்." இப்படி எழுதியவுடன் வினாத்தாள் மாற வேண்டியிருக்கும், வினாத்தாள் மாறினால் வகுப்பும் மாறியாக வேண்டும். இந்தியக் கல்லூரிகளிலும் இன்று ஒவ்வொரு பாடத்துக்கும் "பாட விளைவுகள்" அச்சிடுகிறார்கள். பழைய தலைப்புகளின் பின்னால் "அறிவார்", "விளக்குவார்" என்று வினைச்சொல்லை ஒட்டவைத்துவிட்டு வினாத்தாளைத் தொடாமல் விட்டால் அது அச்சு மையைச் செலவழிப்பதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் நேரம் தேவை. ஆசிரியரிடம் இல்லாதது அதுதான். இங்கேதான் அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த யோசனை வருகிறது. பணத்தின் பெரும்பகுதி ஒரு புதுவகைப் பணியாளருக்குப் போனது. கற்பித்தல் துணையாளர் என்று வைத்துக்கொள்வோம். அதே துறையில் முனைவர் பட்டம் பெற்ற இளைஞர். கற்றல் பற்றிய ஆய்வுகளில் பயிற்சி கொடுத்து, துறைக்குள்ளேயே அவரை அமர்த்தினார்கள். கல்வியியல் துறையிலிருந்து வந்து அறிவுரை சொல்பவர் என்றால் இயற்பியல் பேராசிரியர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். இவரோ எதிர் அறையில் இருக்கிறார், அதே சமன்பாடுகளைப் பேசுகிறார், தேநீர் இடைவேளையில் அகப்படுகிறார். மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒரு கணக்கை வாய்விட்டு யோசிக்கச் சொல்லி எங்கே வழுக்குகிறது என்று குறித்துக்கொள்வார். அதிலிருந்து கேள்விகள் தயாரிப்பார். ஆசிரியரோடு வகுப்பில் அமர்வார். ஒரே பாடத்தில் ஒன்றிரண்டு செமஸ்டர் கூடவே இருப்பார்.

இந்த ஏற்பாட்டின் மதிப்பு இரண்டு எண்களில் தெரிகிறது. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களிடம் சார்லஸ் ஹெண்டர்சன் குழுவினர் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது: புதிய கற்பித்தல் முறைகளைத் தாமாக முயன்று பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கைவிட்டுவிட்டார். வான்கூவரில் துணையாளரோடு சேர்ந்து மாறிய ஆசிரியர்களையும் கணக்கெடுத்தார்கள். 70 பேரில் கைவிட்டவர் ஒருவர். ஆசிரியர்கள் மாற மறுக்கிறார்கள் என்று பொதுவாகப் புலம்புகிறோம். மாற முயன்று, முதல் செமஸ்டரில் சறுக்கி, கைகொடுக்க ஆளில்லாமல் திரும்பியவர்களே பலர் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 2011இல் பெரிய பேச்சானது. பொறியியல் மாணவர்களுக்கான முதலாண்டு இயற்பியல். இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 270 பேர். பதினோரு வாரம் இரண்டையும் அனுபவமிக்க ஆசிரியர்கள் வழக்கம்போல நடத்தினார்கள். மாணவர் எண்ணிக்கை, வருகை, தேர்வு மதிப்பெண் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. பன்னிரண்டாம் வாரம் மின்காந்த அலைகள். ஒரு பிரிவை மாணவர்களிடம் நற்பெயர் வாங்கிய மூத்த ஆசிரியரே தொடர்ந்தார். இன்னொன்றை லூயி டெஸ்லோரியர் என்ற இளம் ஆய்வாளரும் ஒரு பட்டமேற்படிப்பு மாணவியும் எடுத்துக்கொண்டார்கள். இருவருக்கும் பாடம் நடத்திய அனுபவம் மிகக் குறைவு. முறையில் மட்டும் பயிற்சி பெற்றவர்கள். மாணவர்கள் சில பக்கங்களை முன்பே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் விரிவுரையே கிடையாது. கேள்வி, குழு விவாதம், கிளிக்கர் என்னும் வாக்குப் பெட்டியில் விடை, உடனே ஆசிரியரின் விளக்கம், அடுத்த கேள்வி. அது முடிந்து வந்த அடுத்த வகுப்பில் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு, 12 கேள்விகள். மூத்த ஆசிரியரின் பிரிவு சராசரி 41 சதவீதம். புதியவர்களின் பிரிவு 74 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 23 சதவீதம் வந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே வாரம்தானே, பாடம் எடுத்தவர்களே கட்டுரையும் எழுதினார்களே என்று விமர்சனம் எழுந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனால் 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாக அலசினார்கள். விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம், மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம். நூறு பேர் வகுப்பில் பன்னிரண்டு பேர் வித்தியாசம் என்று எண்ணிப் பாருங்கள். அரியர் எழுதிக்கொண்டே வேலைக்கு அலைந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லா இடத்திலும் பரவவில்லை? பிரிட்டிஷ் கொலம்பியாவும் மேய்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வகுப்பின் பின்வரிசையில் ஒருவர் அமர்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார் என்று குறிக்கும் ஓர் எளிய படிவத்தை 2013இல் உருவாக்கின. நல்லது, கெட்டது என்று தீர்ப்பு எழுத அதில் இடமே இல்லை. அந்தப் படிவத்தைக் கொண்டு வட அமெரிக்காவின் 25 நிறுவனங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளைப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேல், 55 சதவீதம், ஆசிரியரே பேசிக்கொண்டிருந்த வகுப்புகள். சிறிய வகுப்பும் நகர்த்தக்கூடிய நாற்காலியும் இருந்த இடங்களிலும் விரிவுரை நிற்கவில்லை. நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியதை மேம்பாடு என்று சொல்லும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்கலாம்.

காரணங்களில் முதன்மையானதை வீமனே சொல்லியிருக்கிறார்: ஊக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பு போகும். பணி நியமனமும் பதவி உயர்வும் ஆய்வுக் கட்டுரையின் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படும்போது, பாடத்தை மாற்ற நூறு மணி நேரம் செலவிடுபவர் தன் எதிர்காலத்திலிருந்து எடுத்துத்தான் செலவிடுகிறார். வான்கூவரில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடங்கள் மாறின. ஆனால் எல்லாத் துறையும் ஒரே அளவு மாறவில்லை. துறைத் தலைவர் அக்கறை காட்டிய இடத்தில் நடந்தது, காட்டாத இடத்தில் பணம் இருந்தும் தேங்கியது.

இன்னொரு காரணம் மாணவர்களே. டெஸ்லோரியர் பிறகு ஹார்வர்டுக்குப் போனார். அங்கே அவர் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது குறைவாகச் சொன்னார்கள். வழுக்கிக்கொண்டு ஓடும் அழகான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. தானே திணறிக் கற்கும்போது திணறல்தான் நினைவில் நிற்கிறது. செமஸ்டர் முடிவில் மாணவர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை அளந்தால் இந்த மயக்கத்துக்குத்தான் பரிசு கிடைக்கும். மருந்தும் அதே ஆய்விலேயே இருக்கிறது: செமஸ்டரின் தொடக்கத்திலேயே இந்த முடிவுகளை மாணவர்களுக்கு வெளிப்படையாகக் காட்டி, இதனால்தான் உங்களைத் திணற வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். நான் கல்லூரியில் பாடம் எடுத்த நாட்களில் இதைச் சொல்லாமலே ஒருமுறை முயன்றேன். "சார், எப்போது பாடம் நடத்துவீர்கள்?" என்று மூன்றாம் வாரம் கேட்டார்கள். நானும் பழைய குறிப்பேட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது, நமக்கு நன்கு பழகிய காரணம்: போர்ஷன் முடியாது. முடியாதுதான், எல்லாவற்றையும் வாயால் சொல்லியே தீருவேன் என்றால். வரையறைகளையும் எளிய பகுதிகளையும் மாணவர் முன்பே படித்துவிட்டு வந்தால், கடினமான பகுதிக்கு வகுப்பு நேரம் மிஞ்சும். படித்துவிட்டு வரமாட்டார்கள் என்பீர்கள். வகுப்பு தொடங்கும்போது மூன்று கேள்வி, ஆளுக்கு இரண்டு மதிப்பெண் அகமதிப்பீட்டில் சேரும் என்றால் படித்துவிட்டு வருகிறார்கள்.

கிளிக்கர் வாங்கப் பணமில்லாத கல்லூரிக்கும் வழி உண்டு. அமெரிக்காவில் டேவிட் மெல்ட்சரும் கந்தையா மணிவண்ணனும் பெரிய வகுப்புகளில் எழுத்து அச்சிட்ட அட்டைகளை வைத்தே இதை நடத்தி, 2002இல் கட்டுரையாக எழுதினார்கள். ஒவ்வொரு மாணவர் கையிலும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு அட்டைகள் இருந்தால் போதும். கேள்வி கேட்டு, ஒரு நிமிடம் தனியாக யோசிக்கவிட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் கடைசி பெஞ்சு தூக்கும். சரியான விடை பாதிக்கு முன்பின்னாக இருந்தால், அதாவது 30 முதல் 70 சதவீதத்துக்குள், பேசவிடுங்கள். அதற்கு மேல் என்றால் ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டு நகரலாம். 30க்குக் கீழ் என்றால் பேசிப் பயனில்லை, பகுதியை மறுபடி நடத்த வேண்டும். லாரிக் கேள்வியில் தொடங்கினால், முதல் முறை எந்த அட்டை அதிகம் உயர்கிறது என்று எண்ணி, தாளில் குறித்து, அதைத் துறைத் தலைவரின் மேசை மீது வைத்துவிட்டு வாருங்கள்.